சுமித்திராவின் கோழிகளும் மஸீனாவின் கச்சானும்

முள்ளியவளைப் பக்கம் வந்து சுமித்திராவின் வீடு எது என்று கேட்டால், "பலா மரத்தில கோழி நித்திரை கொள்ளுற வீடு" என்றுதான் சொல்வார்கள். பொழுது சாயும் நேரத்தில் அவளுடைய கோழிகள் மேலே ஏறுவதைப் பார்க்க, ஒழுங்கையால் போகிறவர்கள் சைக்கிளில் இருந்தபடியே ஒரு காலை ஊன்றி நிற்பதுண்டு. கிழட்டுப் பேடு முதலில் கிணற்றுக்கட்டில் ஏறும். அங்கிருந்து குசினிக் கூரை. கூரையிலிருந்து பலாவின் தாழ்ந்த கொப்பு. பின்னால் மற்றவை. இருட்டுவதற்குள் கொப்பு நிறைந்துவிடும்.

வேடிக்கைக்காக அவள் அப்படிப் பழக்கவில்லை. சண்டை முடிந்து செட்டிகுளம் முகாமிலிருந்து ஊர் திரும்பிய வருடம், தகரக் கொட்டிலைத் தவிர ஒன்றும் இல்லாத வளவுக்கு அவள் கொண்டுவந்த முதல் உயிர் ஒரு பேட்டுக்கோழி. வவுனியாவில் ஒரு உறவுக்காரி கொடுத்தது. காட்போட் பெட்டியில் ஓட்டை போட்டு, மடியில் வைத்து, பஸ் முழுக்க அதன் முனகலைக் கேட்டபடி வந்தாள். அது அடைகாத்துப் பெருகிய பிறகு, கணவன் செல்வநாயகம் பலகையால் ஒரு கூடு அடித்துக் கொடுத்தார். ஒரு நாள் காலை கூட்டைத் திறந்தபோது உள்ளே ஒன்றும் அசையவில்லை. மரநாய் பலகை இடுக்கால் புகுந்து எல்லாவற்றின் கழுத்தையும் கடித்துப் போட்டிருந்தது. தின்றது ஒன்றையோ இரண்டையோதான். தப்பியது, முந்தின மாலை கூட்டுக்குள் வர மறுத்துப் பலாவில் ஏறிய பேடு ஒன்றுதான். அன்றைக்குச் சுமித்திரா கூட்டை உடைத்து அடுப்புக்கு வைத்தாள். அதற்குப் பிறகு அவளுடைய கோழிகள் மரத்தில்தான்.

சுமித்திரா கொடிகாமத்துக்காரி. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வில், இருபது வயதில், தாய் தகப்பனோடு கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்கு வந்தவள். செல்வநாயகமும் அப்படி வந்தவர்தான். வந்த இடத்தில் கல்யாணம் நடந்தது. வெளிநாடு போன ஒருவரின் வளவை வாங்கிக் குடியிருந்தார்கள். கடைசிச் சண்டையில் தாயை ஒரு பதுங்கு குழிக்குள்ளேயே விட்டுவிட்டு வரவேண்டி வந்தது. அதைப் பற்றி அவள் யாரோடும் கதைப்பதில்லை. மகள் கல்யாணம் முடித்துக் கிளிநொச்சியில் இருக்கிறாள். செல்வநாயகம் லான்ட்மாஸ்ரர் வைத்து மற்றவர்களின் வயல் உழுகிறார். சுமித்திரா கோழியும் முட்டையுமாக இருக்கிறாள். கெட்டிக்காரி, வாய்க்காரி, யாரிடமும் ஒன்றும் கேட்டு நிற்காதவள் என்று ஒழுங்கையில் பெயர். அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பக்கத்து வளவு நீண்ட காலம் பற்றையாய்க் கிடந்தது. அதன் சொந்தக்காரர் தண்ணீரூற்றுச் சோனகர்கள். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம்களையெல்லாம் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது கையில் கொண்டுபோகக்கூடியதை எடுத்துக்கொண்டு புத்தளத்துக்குப் போனவர்கள். அந்த வீட்டின் மகள் மஸீனா, சில வருடங்களுக்கு முன் கணவன் இஸ்ஸதீனோடு திரும்பி வந்தாள். பற்றையை வெட்டி, கூரையில்லாத சுவர்களைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டார்கள். இஸ்ஸதீன் புதுக்குடியிருப்புச் சந்தையில் துணி விற்கிறவர். விடியப் போனால் பொழுதுபடத்தான் வருவார். பகலில் அந்த வளவில் மஸீனா தனியாள்.

மஸீனாவுக்கும் சுமித்திராவுக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். யார் மூத்தவர் என்று தெரியாததால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் அக்கா என்றே கூப்பிட்டார்கள். நோன்பு காலத்தில் இந்தப் பக்கம் கஞ்சி வந்தது. பொங்கலுக்கு அந்தப் பக்கம் வாழைப்பழமும் கரும்பும் போயின. கிட்டத்து உறவு என்று சொல்ல முடியாது. ஆனால் முகம் பார்த்துச் சிரிக்கிற அயல்.

போன வருடம் ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் மஸீனா வளவின் பின்பாதியை மண்வெட்டியால் கொத்தி, வரிசை வரிசையாகச் சாறி இழுத்து, கச்சான் கடலை போட்டாள். அந்த நிலத்தில் மறுபடி ஒன்றை விதைத்தது அதுதான் முதல் தடவை. சுமித்திரா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "நல்ல மண்ணக்கா, கச்சான் பத்தும்" என்று சொல்லியிருந்தாள்.

சுமித்திராவிடம் அப்போது ஆடியில் பொரித்த குஞ்சுகள் இருந்தன. பேட்டுக்குஞ்சுகள்தான் அதிகம். தைக்கு முட்டையிடும் என்று பார்த்துப் பார்த்து வளர்த்தவை. உடம்பு இன்னும் பாரம் வைக்காத பருவம். கிழட்டுக் கோழிகள் ஒருநாளும் வேலி தாண்டியதில்லை. இந்தக் குஞ்சுகளோ செட்டையை ஒரு தட்டுத் தட்டி வேலிக் கதியாலின் மேல் ஏறிவிடும்.

கச்சான் போட்டுச் சில நாளில் மஸீனா வாசல் படலையடியில் வந்து நின்றாள். புத்தளத்தில் இவ்வளவு காலம் இருந்ததில் அவளுடைய பேச்சில் அந்தப் பக்கத்துச் சாயல் கலந்திருந்தது.

"அக்கா, குறை நினைக்காதீங்க. கச்சான் போட்ட இடமெல்லாம் கிண்டிக் கிடக்குது. உங்கட கோழியாய் இருக்குமோ எண்டு..."

"என்ர கோழி வேலி தாண்டாதக்கா" என்றாள் சுமித்திரா. "எத்தினை வருசமா வளக்கிறன். மயிலாய் இருக்கும். இப்ப மயில் மெத்திப் போச்சு."

மயில்கள் பெருகிப்போனது உண்மை. மஸீனா தலையாட்டிக்கொண்டு போனாள். கிண்டின இடங்களில் மறுபடி விதைத்தாள். அடுத்த நாளிலிருந்து ஒரு தகர டின்னையும் தடியையும் வைத்துக்கொண்டு வேலியோரம் குந்தியிருந்து மயிலுக்குக் காவல் பார்த்தாள். அவள் டின்னைத் தட்டும் சத்தம் இங்கே குசினிக்குக் கேட்டது.

அந்த நாட்களில் சுமித்திரா ஒன்றைக் கவனித்தாள். மாலையில் குறுணல் போட்டுக் கூப்பிட்டால் பாய்ந்து வரும் குஞ்சுகள் அவசரமில்லாமல் வந்தன. இரண்டு கொத்துக் கொத்திவிட்டு விலகிப்போயின. ஒன்றைப் பிடித்துக் கழுத்தடியைத் தடவினால் இரைப்பை கல்லுப் போலப் புடைத்திருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்திருந்தால் உள்ளே இருப்பது என்னவென்று விரலுக்கே தெரிந்திருக்கும். அவள் அழுத்திப் பார்க்கவில்லை. குஞ்சைக் கீழே விட்டுவிட்டுக் கையைச் சீலையில் துடைத்தாள். மத்தியானங்களில் குஞ்சுகள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்க்க வளவின் பின்பக்கம் போவதையும் விட்டுவிட்டாள். பார்த்தால்தானே தெரியும்.

ஒழுங்கை முகப்பில் காலையில் மீன்காரன் மோட்டார் சைக்கிளை நிறுத்துவான். பெண்கள் அங்கே கூடுவார்கள். ஒரு நாள் அங்கேதான் மஸீனா சுமித்திராவுக்குப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அக்கா, அது மயிலில்லை. நேத்து நானே கண்டனான். உங்கட குஞ்சுகள்தான் வேலிக்கு மேலால வருதுகள். ஒரு பக்கச் செட்டையைக் கொஞ்சம் வெட்டிவிட்டீங்களெண்டா பறக்காதுகள். புத்தளத்தில நாங்க அப்பிடித்தான் செய்யிறனாங்க."

எவ்வளவு தாழ்த்திச் சொன்னாலும் மீனைச் சுற்றி நின்றவர்களுக்குக் கேட்டுவிட்டது. மூன்று வீடு தள்ளி இருக்கும் சிவனேஸ்வரி திரும்பிச் சிரித்தாள்.

"என்ன சுமித்திரா, உன்ர கோழி ஊர் மேயப் போகுதோ?"

சிரிப்பு மற்றவர்களுக்கும் தொற்றியது. சுமித்திராவுக்கு முகம் சுட்டது. ஒன்றும் கேட்டு நிற்காதவள், குறை சொல்ல இடம் வைக்காதவள் என்ற பெயர், மீன் செதிலோடு நிலத்தில் கிடப்பது போல இருந்தது. வாய் அவளைக் கேளாமலே திறந்தது.

"வாயில்லாச் சீவனுக்குச் செட்டை வெட்டுற பழக்கம் எங்களிட்டை இல்லை. அது உங்கட ஆக்கள் செய்யிற வேலை. இவ்வளவு காலம் இந்த ஒழுங்கையில ஒருத்தரும் என்ர கோழியைப் பற்றிக் கதைச்சதில்லை. நேற்று வந்த ஆக்கள் இப்ப எங்களுக்குச் சட்டம் சொல்லுறியள்."

சிரிப்பு நின்றது. மீன்காரன் தராசைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்தான். மஸீனா தலையில் கிடந்த முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள்.

"நான் இஞ்சதானக்கா பிறந்தனான்" என்றாள். சத்தம் வெளியே வரவில்லை என்று சொல்லலாம். பிறகு மீன் வாங்காமல் திரும்பி நடந்தாள்.

சிவனேஸ்வரி சுமித்திராவோடு கூடவே வந்தாள். "சரியாச் சொன்னாய். விட்டால் தலையில ஏறிடுவினம்" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடச் சுமித்திராவுக்கு அவ்வளவு குத்தியிராது. தான் சொன்னது என்ன வகைப் பேச்சு என்பது, அதைப் புகழ்ந்தவளின் வாயிலிருந்து கேட்டபோதுதான் அவளுக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்து மீனை வெட்டும்போது 'நேற்று வந்த ஆக்கள்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. சுமித்திராவும் செல்வநாயகமும் இந்த வளவுக்கு வந்த புதிதில் இங்கே கிணறு இல்லை. இப்போதிருக்கிற கிணறு பிறகு வெட்டியது. இரண்டு மாரியும் ஒரு கோடையும் பக்கத்து வளவில், பற்றைக்குள் தடம் போட்டுப் போய்த்தான் தண்ணீர் அள்ளினாள். ஆர் வீட்டுக் கிணறு என்று ஒருமுறை கேட்டபோது, "சோனக ஆக்களின்ர. அவை போட்டினம்" என்று யாரோ சொன்னார்கள். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அந்தத் தண்ணீரில்தான் மகளை வயிற்றில் சுமந்த காலத்தில் குளித்தாள், குடித்தாள். மஸீனா திரும்பி வந்து கிணற்றை இறைத்த அன்று சுமித்திரா வேலிக்கு மேலால், "அது நல்ல ருசியான தண்ணியக்கா" என்று சொன்னாள். எப்படித் தெரியும் என்று மஸீனா கேட்கவில்லை.

மீன் கழுவின தண்ணீரை வாழைக்கு ஊற்றப் போனவள் நெடுநேரம் வாழையடியிலேயே நின்றாள்.

அடுத்த நாள் மத்தியானம் அவள் வளவின் பின்பக்கம் போய் விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றாள். அதிக நேரம் நிற்க வேண்டி வரவில்லை. சிவப்புப் பேட்டுக்குஞ்சு ஒன்று கதியாலில் ஏறி, கழுத்தை நீட்டிப் பார்த்து, மறுபக்கம் குதித்தது. அதன் பின்னால் மற்றவை ஒவ்வொன்றாய். போன இடத்தில் தேடித் திரியவில்லை. வீட்டுக்குப் போவது போல நேரே கச்சான் சாறிக்குப் போய்க் காலால் கிண்டத் தொடங்கின.

மஸீனா வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாள். கையில் ஒரு மண்கட்டி. வாயில் ஏச்சு. முதல் கட்டி குஞ்சுகளின் நடுவில் விழுந்து சிதறியது. இரண்டாவதைக் குனிந்து எடுத்துக் கையை ஓங்கியபோதுதான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற சுமித்திராவைக் கண்டாள்.

ஓங்கின கை மெல்லக் கீழே வந்தது. மண்கட்டியைச் சீலை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டாள். ஏதோ களவெடுக்கப் போய்ப் பிடிபட்டவள் போல நிலத்தைப் பார்த்தாள். பிறகு, சத்தமில்லாமல் வெறுங்கையால், "சூ, சூ" என்று கோழிகளை வேலிப்பக்கம் கலைத்தாள்.

சுமித்திரா அந்தக் காட்சியை ஒருபோதும் மறக்கவில்லை. மஸீனா எதிர்த்து ஏசியிருந்தால் சுமித்திராவும் ஏசியிருப்பாள், சண்டை ஒன்று நடந்து முடிந்திருக்கும். தகப்பனின் காணியில், தன்னுடைய விதையைத் தின்னுகிற கோழிக்கு ஒரு மண்கட்டி எறிய அவள் பயந்தாள். அந்தப் பயத்தை அவளுக்குள் போட்டது முந்தின நாள் தன் வாயால் வந்த சொல் என்பது சுமித்திராவுக்குத் தெரிந்தது. அவள் விறகுக் குவியலுக்குப் பின்னால் குனிந்தாள், விறகு எடுக்க வந்தவள் போல. அப்படிக் குனிந்ததை நினைத்தும் பிறகு வெட்கப்பட்டாள்.

இரவுச் சாப்பாட்டின்போது செல்வநாயகத்திடம் செட்டை வெட்டும் கதையை மட்டும் எடுத்தாள்.

"குஞ்சுகளுக்குச் செட்டை வெட்டுறது நல்லமோ?"

"ஏன், வேலி தாண்டுதுகளோ?"

"தாண்டுறமாதிரிக் கிடக்கு."

அவர் புட்டைக் குழைத்தபடி யோசித்தார். "வெட்டினால் பறவாது. ஆனால் மரத்திலயும் ஏறாது. கீழ கிடந்தால் கீரியும் மரநாயும் சும்மா விடுமோ? வெட்டுறதெண்டால் முதல்ல கூடு அடிக்கோணும். ஞாயிற்றுக்கிழமை கழிய எனக்கு உழவில்லை. அடிச்சுத் தாறன். நீர் அதுவரைக்கும் பொறும்."

"கூடு வேண்டாம்" என்றாள் அவள்.

பழைய கூட்டை நினைத்துத்தான் வேண்டாம் என்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். அதுவும் இருந்தது. ஆனால் அவள் மனதில் வேறொன்று ஓடியது. முற்றத்தில் புதுக்கூடு நின்றால் ஒழுங்கை முழுக்கப் பார்க்கும். மரத்தில் நித்திரை கொள்ளுகிற கோழிக்கு இப்ப ஏன் கூடு என்று சிவனேஸ்வரி கேட்பாள். வேலி தாண்டாத கோழிக்குச் செட்டை எதற்கு வெட்டியது என்று கேட்பாள். வெட்டவும் வேண்டும், வெட்டினது யாருக்கும் தெரியவும் கூடாது. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. இப்படி நினைக்கிறேனே என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அதைக் கேட்காதது போலச் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மஸீனாவும் இஸ்ஸதீனும் நீராவிப்பிட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். செல்வநாயகம் உழவுக்குப் போயிருந்தார். சுமித்திரா குஞ்சுகளைக் குறுணல் போட்டுக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். தையல் பெட்டியிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள்.

அவள் அதுவரை செட்டை வெட்டினவள் அல்ல. ஒன்றை மடியில் அமர்த்தி, செட்டையை விரித்துப் பிடித்து, நீண்ட இறகுகளைக் குறுக்கே வெட்டினாள். கொஞ்சமும் பறந்துவிடக் கூடாது என்று மற்றப் பக்கமும் வெட்டினாள். குஞ்சுகள் அலறின. வெளியே கேட்கக்கூடாது என்று ரேடியோவைப் போட்டாள். ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு சிவப்புக் குஞ்சுக்கு வந்தாள். அதன் செட்டையில் சில இறகுகள் அப்போதுதான் முளைத்து வளர்ந்துகொண்டிருந்தன. தண்டு நீலம் பாரித்துத் தடிப்பாக இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. கத்தரிக்கோல் இறங்கியதும் இரத்தம் பீறிட்டது.

இறகுக்குள் இரத்தம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. நகம் போல, மயிர் போல என்றுதான் நினைத்திருந்தாள். குஞ்சு உதறியபோது அவளுடைய முகத்திலும் சுவரிலும் தெறித்தது. கோப்பித்தூளை அள்ளி வைத்து அமர்த்திப் பிடித்தாள். அது அவளுடைய கைக்குள் நடுங்கியது. ரேடியோவில் யாரோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரத்தம் நிற்கும்வரை அவள் அடுப்படியில் அதைப் பிடித்தபடி இருந்தாள். நின்ற பிறகு அதைப் பனையோலைக் கடகத்தால் மூடிவைத்தாள். வெட்டின இறகுகளைக் கூட்டி அள்ளிச் சாம்பல் கிடங்கில் போட்டு மண்ணால் மூடினாள். சுவரைத் துடைத்தாள்.

அன்று மாலை கிழட்டுக் கோழிகள் வழக்கம்போலக் கிணற்றுக்கட்டில் ஏறின. குஞ்சுகள் பின்னால் போயின. தட்டின செட்டைக்குக் காற்று அகப்படவில்லை. கட்டின் பாதிவரை எழும்பி விழுந்தன. மறுபடி ஓடிவந்து எழும்பின. மறுபடி விழுந்தன. மேலே கொப்பில் இருந்த கிழட்டுப் பேடு கழுத்தைச் சாய்த்துக் கீழே பார்த்தது. குஞ்சுகள் பலாவின் அடியில் ஒன்றோடொன்று நெருக்கி நின்று முனகின. சுமித்திரா அவற்றையும் கடகத்துக்குள் இருந்த சிவப்புக் குஞ்சையும் பிடித்து விறகுக் கொட்டிலுக்குள் விட்டு, வாசலுக்குத் தகரம் வைத்து, கல்லால் முட்டுக் கொடுத்தாள். கொஞ்ச நாளைக்குத்தானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

விடிய எழும்பிப் பார்த்தபோது தகரம் சரிந்து கிடந்தது. ஒரு குஞ்சு வாசலடியில் கழுத்து இல்லாமல் கிடந்தது. இன்னொன்று இருந்த இடத்தில் இறகுகள் மட்டும், எல்லாம் குட்டை இறகுகள். மற்றவை விறகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தன. சிவப்புக் குஞ்சைக் காணவில்லை.

செல்வநாயகம் வந்து பார்த்தார். செத்த குஞ்சின் செட்டையை விரித்தார். மற்றப் பக்கச் செட்டையையும் விரித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"கூடு அடிச்சுத் தாறன் எண்டு சொன்னனான்தானே" என்றார். கோபப்படவில்லை. மண்வெட்டியை எடுத்துக் குழி வெட்டப் போனார். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குப் பட்டது.

காலைத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கையில் படலை சத்தம் கேட்டது. மஸீனா. இரண்டு கையாலும் சிவப்புக் குஞ்சை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"வேலிப் பொட்டால பூந்து வந்து எங்கட குசினிக்குள்ள ஒதுங்கிக் கிடந்தது" என்றாள். படலையைத் தாண்டி உள்ளே வரவில்லை. "செட்டையில காயம்."

சுமித்திரா முற்றத்தைக் கடந்து படலைவரை போனாள். கோப்பித்தூள் ஒட்டிக் காய்ந்த செட்டை வெளியே தெரிந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை.

"நான்தான் வெட்டினனான்."

"தெரியுது" என்றாள் மஸீனா. "ரெண்டு பக்கமும் வெட்டியிருக்கிறீங்க. நான் ஒரு பக்கம் எண்டெல்லோ சொன்னனான். முளைக்கிற இறகில வெட்டக்கூடாது. கேட்டிருந்தா நான் வந்து பிடிச்சுத் தந்திருப்பன்."

"அக்கா, கச்சானைத் தோண்டினது என்ர குஞ்சுகள்தான்."

"அதுவும் தெரியும்."

"மயில் எண்டு நான் சொன்னது..."

"முதல் நாள் நீங்க தெரியாமச் சொன்னீங்க எண்டு நினைச்சன்" என்றாள் மஸீனா. முகத்தில் சிரிப்பு இல்லை. "நானும் அந்த டின்னை வச்சுக்கொண்டு வெயிலுக்க இருந்தன். பிறகு நீங்க பின்பக்கம் வாறதையே விட்டிட்டீங்க. அப்ப விளங்கிச்சு."

சுமித்திரா கைகளை நீட்டினாள். மஸீனா குஞ்சை அவளுடைய கைக்கு மாற்றினாள். சுமித்திரா சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. கோழியைப் பற்றிச் சொல்லிவிடலாம், இறகைப் பற்றிச் சொல்லிவிடலாம். மீன்காரனடியில் சொன்னதைப் பற்றி எந்த இடத்தில் தொடங்குவது என்று தெரியவில்லை. அதற்குள் மஸீனா திரும்பிவிட்டாள். நடக்கும்போது அவளுடைய செருப்பின் பின்பகுதி தேய்ந்து கிழிந்திருந்ததைச் சுமித்திரா பார்த்தாள்.

அந்த வாரம் முழுக்கச் செல்வநாயகம் கூடு அடித்தார். முற்றத்தின் நடுவில், ஒழுங்கையால் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும் இடத்தில் வைக்கும்படி சுமித்திரா சொன்னாள். பின்பக்கம் நிழல் என்று அவர் சொல்லியும் கேட்கவில்லை. நிலத்திலிருந்து உயர்த்தி, கீழும் மேலும் கம்பிவலை அடித்து, விரல்கூடப் போகாதபடி இடுக்கெல்லாம் அடைத்தார். எதிர்பார்த்தபடியே சிவனேஸ்வரி படலையில் நின்று விசாரித்தாள்.

"என்ன, மரத்துக் கோழிக்கு மாளிகையோ?"

"ஓம்" என்றாள் சுமித்திரா. "செட்டை வெட்டினபடியால் மரத்தில ஏறாதுகள்."

"செட்டை வெட்டினியோ? ஏன்?"

"நாளைக்கு மீனுக்கு வாறன்தானே. அப்ப சொல்லுறன்."

அடுத்த நாள் காலையில் சுமித்திரா ஒழுங்கை முகப்புக்குப் போனபோது மஸீனா ஏற்கனவே அங்கே நின்றாள், மற்றவர்களிலிருந்து ஓரடி விலகி. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் அப்படித்தான் நிற்கிறாள். மீன்காரன் சூடை மீன் அள்ளிக்கொண்டிருந்தான். சுமித்திரா வாய்க்காரி. ஆனால் இப்படி ஒன்றைச் சொல்ல அவளுடைய வாய் ஒருநாளும் பழகியதில்லை.

"சிவனேஸ்வரியக்கா, நேற்றுக் கேட்டியள்தானே" என்று தொடங்கினாள். எல்லோரும் திரும்பினார்கள். "மஸீனாக்காவின்ர கச்சானைக் கிண்டினது என்ர குஞ்சுகள். மயிலெண்டு நான் சொன்னது பொய். அண்டைக்கு இதிலை வச்சு அவவை நேற்று வந்த ஆக்கள் எண்டும் சொன்னனான். நேற்று வந்தது நான். நான் வந்த நேரம் அவவின்ர தகப்பன்ர கிணத்திலதான் தண்ணி அள்ளிக் குடிச்சனான். இதிலை வச்சுச் சொன்னபடியால் இதிலை வச்சே சொல்லுறன். அது பிழை."

சிவனேஸ்வரி மீன் கூடையைப் பார்த்தாள். ஒருத்தி இருமினாள். சுமித்திரா மஸீனாவைப் பார்த்தாள். மஸீனாவின் முகம் மலரவில்லை. கன்னம் சிவந்து, கண் தாழ்ந்து, முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை பேருக்கு நடுவில் தன் பெயர் மறுபடியும் அடிபடுகிறதே என்ற கூச்சம் அதில் தெரிந்தது.

"இதையெல்லாம் ஏன் இப்ப இஞ்ச வச்சு" என்றாள் மெதுவாக. "விடுங்க."

பிறகு மீன்காரனிடம், "எனக்கு அரைக் கிலோ போடுங்க" என்றாள்.

அவ்வளவுதான். சொன்னால் பாரம் இறங்கும் என்று சுமித்திரா நினைத்திருந்தாள். இறங்கவில்லை. தன்னுடைய நெஞ்சைக் காலி செய்வதற்காக அவளை இன்னொரு முறை சந்தியில் நிறுத்திவிட்டேனோ என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தாள். அன்றைக்கு மஸீனா மீன் வாங்கிக்கொண்டு போனாள் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் குஞ்சுகளைப் பகலில் வெளியே விடவில்லை. கச்சான் முளைத்து வேர் பிடிக்கும்வரை கூட்டுக்குள் வைத்தே தீனி போட்டாள். கிண்டிப்போன சாறிகளுக்கு விதைக் கச்சான் வாங்கிக்கொண்டு போனாள். மஸீனா முதலில் வேண்டாம் என்றாள். பிறகு, "மழைக்கு முன்னம் போடோணும், வாங்க" என்று இன்னொரு மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு சாறியில் குனிந்து விதைத்தார்கள். விதை எவ்வளவு ஆழம், மழை எப்போது என்பதைத் தவிர ஒன்றும் கதைக்கவில்லை.

தையில் சிவப்புப் பேடு முட்டையிடத் தொடங்கியது. வெட்டுப்பட்ட தண்டிலிருந்து இறகு சரியாக முளைக்கவில்லை. அந்தப் பக்கம் எப்போதும் கொஞ்சம் தொங்கியபடி நடக்கிறது. அதைப் பிடிக்கப் போனால் மற்றக் கோழிகளைவிட அதிகமாக ஒதுங்கி ஓடும். சுமித்திரா அதைத் துரத்துவதில்லை.

இந்த வருடமும் குஞ்சு பொரித்தது. அவை வேலி உயரத்துக்கு எழும்பத் தொடங்கியபோது செட்டை வெட்டுவதா விடுவதா என்ற கதை மறுபடி வந்தது. செல்வநாயகம், "உம்மட விருப்பம்" என்று ஒதுங்கிக்கொண்டார். சுமித்திரா ஒரு நாள் காலை வேலியடியில் நின்று கூப்பிட்டாள்.

"மஸீனாக்கா, ஒருக்கா வருவியளோ? செட்டை வெட்டோணும். எனக்கு முத்தின இறகு எது, முளைக்கிறது எது எண்டு தெரியாது."

மஸீனா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முற்றத்தில், வெளிச்சத்தில், படலை திறந்திருக்க, இரண்டு பேரும் பாயில் இருந்தார்கள். சுமித்திரா பிடித்தாள். மஸீனா செட்டையை விரித்து, ஒவ்வொரு இறகின் தண்டையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, நீலம் பாரித்ததை விட்டுவிட்டு, ஒரு பக்கம் மட்டும் வெட்டினாள். ஒரு துளி இரத்தமும் வரவில்லை. வெட்டி முடித்த குஞ்சு உதறிவிட்டு எழும்பிப் போய்க் குறுணல் கொத்தியது.

"இது அடுத்த இறகுதிர்வுக்குத் திரும்ப முளைச்சிடும்" என்றாள் மஸீனா. "அதுக்குள்ள கச்சான் பிடுங்கிடுவன்."

"ஓம்" என்றாள் சுமித்திரா. மஸீனாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளால் இன்னும் முடியவில்லை. அடுத்த குஞ்சைப் பிடித்து மடியில் அமர்த்தினாள்.